வானத்தின் கீழே ஓர் இரவு



முழு இரவு ஜெபம் என்றால் நம்மில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சபையின் கதவு சாத்தப்பட்டால், சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குத் தேநீரோடுதான் திறக்கும். குழந்தைகள் பாயில் உறங்குவார்கள். பெரியவர்கள் கண்ணீரோடு விழித்திருப்பார்கள். ஆனால் ஓர் இரவைக் குடும்பமாக, திறந்த வானத்தின் கீழே, ஒரு கூடாரத்தில் கழிக்கலாம் என்று சொன்னால் மட்டும், "அது நமக்கு எதற்கு சிஸ்டர்?" என்ற கேள்வி உடனே எழுகிறது.

நானும் என் கணவரும் மும்பையில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஊழியம் செய்கிறோம். கடந்த சில ஆண்டுகளாக ஒவ்வொரு தை மாதமும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைப் போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு ஓர் இரவு முகாமுக்காக அழைத்துச் செல்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிய குடும்பங்கள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அதே பயங்களும் அதே கேள்விகளும் வருகின்றன. அவற்றுக்கு என்னால் இயன்ற பதிலை இங்கே எழுதுகிறேன்.

கூடாரம் நமக்குப் புதிதா?

எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் முதல் ஆண்டிலேயே வெளிப்படையாகக் கேட்டார்: "இது உலகப்பிரகாரமான பொழுதுபோக்கு அல்லவா? இந்தப் பணத்தையும் நேரத்தையும் சுவிசேஷ ஊழியத்துக்குக் கொடுக்கலாமே." கேள்வி நியாயமானது. போதகர் ஐயா கோபப்படாமல் வேதத்தைத் திறந்தார்.

ஆபிரகாம் தன் ஊரையும் இனத்தையும் விட்டுப் புறப்பட்டவர். பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவே கூடாரம் போட்டு, அங்கே பலிபீடமும் கட்டினார் என்று ஆதியாகமம் 12-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. 15-ஆம் அதிகாரத்தில் தேவன் அவரை வெளியே அழைத்துப் போய் நட்சத்திரங்களைக் காட்டினார். கூடாரத்துக்குள் இருந்தவரைக் காணாத ஒன்றை, வெளியே வந்தபோது அவர் கண்டார். யாக்கோபு தன் அண்ணனின் கோபத்துக்குத் தப்பியும் பெண் தேடியும் வேற்றூருக்குப் போகிற வழியில் ஒரு கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்த இரவில்தான் வானத்தின் வாசலைக் கண்டான். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்திலோ, கூடாரத்தில் வாசம்பண்ணுவது கட்டளையாகவே இருக்கிறது. வருஷத்தில் ஏழு நாள் வீட்டை விட்டு இறங்கித் தழைகளாலான கூடாரத்தில் குடியிருக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் முன்னோரின் பயணத்தை மறந்துவிடாமல் இருப்பதற்காக. நெகேமியாவின் நாட்களில் எருசலேமின் ஜனங்கள் வீட்டு மொட்டைமாடிகளிலும் முற்றங்களிலும் கூடாரம் போட்டார்கள். பவுலும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிற தொழிலாளிகள்; அதிலும் ஆக்கில்லா தம்பதியர் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு, அந்நிய நகரத்தில் பிழைக்க வந்தவர்கள்.

"ஊரை விட்டு வந்து பம்பாயில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிற நமக்கு இந்தக் கதைகள் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?" என்று போதகர் கேட்டார். மூப்பர் சிரித்துவிட்டார். அடுத்த ஆண்டு அவரே தன் பேரப்பிள்ளைகளோடு வந்தார்.

எங்கே தங்கலாம், எங்கே கூடாது

இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நகரத்திலுள்ள சாதாரணப் பூங்காக்களில் இரவு தங்க முடியாது. பெங்களூரின் கப்பன் பூங்காவோ டெல்லியின் லோதி தோட்டமோ பகலில் உலாவுவதற்கு உரியவை. இரவில் அங்கே கூடாரம் அடிக்க இடமில்லை. இரவு தங்குவதென்றால் வனத்துறையோ அரசு நிறுவனமோ அதற்கென்று ஒழுங்கு செய்திருக்கும் இடம் வேண்டும்.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா மும்பை மாநகரின் வடபகுதியில் ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிற காடு. நகரத்துக்குக் குடிநீர் தருகிற விஹார், துளசி ஏரிகள் இதற்குள்தான் இருக்கின்றன. புத்தத் துறவிகள் பல நூற்றாண்டுகள் கருங்கற்பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கன்ஹேரி குகைகளும் இங்கே உள்ளன. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. பகலில் எவரும் சீட்டு வாங்கி உள்ளே போகலாம். இரவுக்கு அப்படியல்ல. பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, அனுமதி பெற்று, அவர்கள் காட்டுகிற இடத்தில், அவர்கள் அனுப்புகிற காவலரோடு மட்டுமே தங்க வேண்டும். எல்லா மாதங்களிலும் அனுமதி கிடைக்கும் என்று எண்ணிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

பெங்களூரில் இருப்பவர்களுக்குக் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் காவேரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம்களை நடத்துகிறது. நம் ஊருக்கு வருகிற அதே காவேரிதான். ஆனால் அங்கே முதலை உண்டு, ஆற்றில் இறங்கக் கூடாது. டெல்லியில் இருப்பவர்களுக்குக் கார்பெட் பூங்காவின் திக்காலா போன்ற இடங்களில் வன ஓய்வு விடுதிகள் உள்ளன. அங்கே கூடாரத்துக்குப் பதிலாகச் சுவருள்ள அறைகள்தாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தேசியப் பூங்காவுக்குள் நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும், விலங்குகளைச் சீண்டுவதும், குப்பை போடுவதும் குற்றங்கள். ஆகவே, சினிமாவில் பார்ப்பது போல நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிற காட்சியை மனதிலிருந்து அகற்றிவிடுங்கள். அங்கே நமக்கு வெளிச்சம் டார்ச் விளக்கும் நிலவும் மட்டுமே.

சிறுத்தையைக் குறித்த பயம்

தாய்மார்கள் முதலில் கேட்பது இதைத்தான். உண்மையை மறைக்க வேண்டியதில்லை: இந்தப் பூங்காவில் சிறுத்தைகள் உண்டு. 2004-ஆம் ஆண்டில் பூங்காவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் சிறுத்தை மனிதரைத் தாக்கிய செய்திகள் நாளிதழ்களில் அடுத்தடுத்து வந்தன. அதன்பின் வனத்துறையினரும் ஆராய்ச்சியாளர்களும் வலியுறுத்தி வருவது எளிமையான ஒன்று. குப்பை பெருகினால் நாய் பெருகும்; நாய் பெருகினால் அதைத் தேடிச் சிறுத்தை வரும். குப்பையை நீக்குவது காவலின் முதல் படி.

எங்களோடு வருகிற காவலர் வார்லிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அந்தக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். ஒருமுறை ஒரு சகோதரி நடுங்கிக்கொண்டே, "பாவு, சிறுத்தை நம்மைப் பார்க்குமா?" என்று கேட்டார். "பார்க்கும் தாயி. பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும். நான் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், நான் அதைப் பார்த்ததைவிட அது என்னைப் பார்த்ததுதான் அதிகம்" என்றார். பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. எப்படி நடக்க வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்.

இருட்டிய பின் எவரும் தனியே நடக்கக் கூடாது. இருவராக, டார்ச் விளக்கோடு, பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சிறு பிள்ளைகள் எப்போதும் பெரியவர்களுக்கு நடுவில் வர வேண்டும். திறந்த வெளியில் குனிந்து உட்காருகிற மனிதன் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய விலங்கைப் போலத் தெரியலாம். ஆகவே இயற்கைக் கடனுக்குக் கழிப்பறையையே பயன்படுத்த வேண்டும். முகாம் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பதை அனுமதி கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். பெண்களும் முதியோரும் வருகிற குழுவுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

சிறுத்தையைவிட நான் அதிகம் எச்சரிப்பது பாம்பைக் குறித்து. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் உறங்குபவர்களைத் தீண்டுவது நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட ஆபத்து. அதனால்தான் அடித்தளம் சேர்த்துத் தைக்கப்பட்ட, ஜிப் வைத்த கூடாரம் வேண்டும் என்கிறோம். உள்ளே போனதும் வெளியே வந்ததும் உடனே ஜிப்பை மூட வேண்டும். காலணியை உதறிப் பார்க்காமல் காலை நுழைக்கக் கூடாது. ஒருவேளை தீண்டிவிட்டால், கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெபம் வழியிலேயே நடக்கட்டும். ஜெபித்து முடித்துவிட்டுப் புறப்படலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் மொட்டைமாடியில்

நெகேமியாவின் ஜனங்களைப் போல நாங்களும் மொட்டைமாடியிலிருந்துதான் தொடங்குகிறோம். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபைக் கட்டடத்தின் மாடியில் எல்லாக் குடும்பங்களும் கூடாரத்தை விரித்துக் கட்டிப் பிரித்துப் பழகும். பழகாதவர்கள் இருட்டில் முதன்முறையாகக் கட்ட முயன்றால் குடும்பச் சண்டை நிச்சயம்.

நால்வருக்கானது என்று விற்கப்படும் கூடாரத்தில் மூவர்தான் தாராளமாகப் படுக்கலாம். வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஓர் இரவுக்காகக் கடன் வாங்க வேண்டாம். காய்ந்த கிளையுள்ள மரத்தின் கீழும், மழைநீர் ஓடிய பள்ளத்திலும் கூடாரம் அடிக்கக் கூடாது. கல்லையும் முள்ளையும் பொறுக்கிவிட்டு ஒரு தார்ப்பாயை விரித்து, அதன்மேல் நிறுத்த வேண்டும். முளைகளைச் செங்குத்தாக அடிக்காமல், தலைப்பாகம் கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி அடித்தால் கயிறு இழுத்தாலும் பிடுங்கிக்கொண்டு வராது.

மும்பைக்காரர்களான நமக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. தை மாதத்து இரவில் பூங்காவுக்குள் வெப்பம் 15 பாகை செல்சியஸ் அளவுக்குக்கூட இறங்கும். போர்வையைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், ஏனெனில் உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கனத்த ஜமுக்காளத்தின் மேல் ஒரு கம்பளி இருந்தால் குழந்தைகள் நிம்மதியாக உறங்குவார்கள். காலையில் கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் மழை பெய்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் மூச்சுக்காற்றின் ஈரம். காற்றோட்ட வலையைச் சிறிது திறந்து வைத்தால் குறையும். கொசுவுக்குப் பூசுகிற களிம்பு போதும். கூடாரத்துக்குள் கொசுவர்த்தியோ மெழுகுவர்த்தியோ கூடவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம் புதியவர்களுக்கு உகந்ததல்ல. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் நல்லது.

சமைக்க முடியாதாகையால் உணவை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தயிர்சாதம் மறுநாள் வரை தாங்காது. புளியோதரையும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும், சப்பாத்தியும் தாங்கும். தேநீருக்குப் பிளாஸ்க். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. எலியும் எறும்பும் குரங்கும் தேடி வரும். மீந்ததையும் காகிதத்தையும் ஒரு துணுக்குக்கூட விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தப் பொறுப்பைச் சிறுவர்களிடம் கொடுங்கள். பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

சத்தமில்லாத ஸ்தோத்திரம்

நம் மக்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான் என்று சொன்னால் வாசகர்கள் புன்னகைப்பீர்கள். கைத்தாளம் இல்லை, டிரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இரவில் காட்டில் சத்தம் எழுப்புவது அங்கே வாழ்கிற உயிர்களுக்குச் செய்யும் துன்பம் என்று காவலர் சொன்னார். "உரக்கத் துதிக்காமல் எப்படி சிஸ்டர் ஜெபிப்பது?" என்று ஒரு வாலிபர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

போதகர் எலியாவை நினைவூட்டினார். பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோன பின், தாழ்ந்த குரலில்தான் தேவன் அவனோடு பேசினார். நம் ஆண்டவரும் ஓர் இரவு முழுவதும் மலையின்மேல் தனித்து ஜெபித்ததாக லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்று எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஜெபித்தோம். கால் மணி நேரம் கழித்து எவரோ விசும்புகிற சத்தம் கேட்டது. சபையில் அந்தச் சகோதரி எத்தனை முறை அழுதிருப்பாரோ, நம் சத்தத்தில் அது நமக்குக் கேட்டதே இல்லை. அன்று கேட்டது, பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜாமக்காவல்

நாங்கள் இரவை மூன்று ஜாமங்களாகப் பிரித்து, காவலரோடு இருவர் இருவராக விழித்திருக்கும்படி ஒழுங்கு செய்கிறோம். அதைக் குறித்து எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க என்னால் இயலாது.

எங்கள் சபையில் ஒரு சகோதரர் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறார். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் ஐந்தரைக்குத் தலையில் பாத்திரத்தோடு புறப்பட முடியும். அவருடைய மகன் அப்போது பத்தாம் வகுப்பில் தோற்றுப்போய், பள்ளிக்கும் போகாமல், சபைக்கும் வராமல் இருந்தான். தகப்பனிடம் பேசுவதை எட்டு மாதமாக நிறுத்தியிருந்தான். ஒரே அறையில் குடியிருந்துகொண்டு, தாயின் மூலமாக மட்டுமே இருவரும் பேசிக்கொள்வார்கள். தையற்கூடத்தில் வேலை செய்யும் நண்பர்களோடு போய்த் தங்கிவிடப்போவதாக அவன் சொல்லியிருந்தான். அந்தத் தாய் ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் இதை ஒரே விண்ணப்பமாக வைத்தார். முகாமுக்குப் பெயர் எழுதியபோது, "அவன் வரமாட்டான் அக்கா, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். தங்கை பிடிவாதம் பிடித்ததால் அவன் வந்தான்.

அன்று மாலை ஒரு கூடாரத்தின் கயிறு அறுந்துவிட்டது. படித்த சகோதரர்கள் குறிப்புத்தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, இந்தச் சகோதரர் வந்து, வைக்கோல் கட்டை இறுக்குகிற ஊர்முடிச்சு ஒன்றைப் போட்டு, ஒரு நொடியில் கூடாரத்தை நிமிர்த்தினார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, சொல்லித்தரக் கேட்டார்கள். மகன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டிய பின் என் கணவர் யோபுவின் புஸ்தகத்தில் வருகிற மிருகசீரிஷத்தையும் அறுமீனையும் பிள்ளைகளுக்குக் காட்ட முயன்றார். நகரத்தின் வெளிச்சம் நான்கு பக்கமும் வானத்தில் ஏறியிருந்ததால் அறுமீனைக் கண்டுபிடிக்கத் தடுமாறினார். இட்லிக்காரச் சகோதரர் தலையை நிமிர்த்தி உடனே காட்டினார். "ஊரில் கடலைக்காட்டுக்குப் பன்றி வராமல் இராக்காவல் இருப்போம். கையில் கடிகாரம் ஏது? தை மாசத்தில் அறுமீன் மேற்கே இறங்கினால் எங்கப்பா என்னை எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். விடிய நாலு மணி நேரம் இருக்கும். இன்றைக்கும் அந்த நேரத்துக்குத்தான் எனக்கு விழிப்பு வருகிறது, அடுப்பு மூட்டத்தான் எழுந்திருக்கிறேன், வானத்தைப் பார்க்கத்தான் முடிவதில்லை" என்றார். பம்பாய்க்கு வந்து இருபத்து நான்கு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் எவரும் கேட்டதில்லை.

ஜாமக்காவலுக்குப் பெயர் கேட்டபோது அவர் மூன்றாம் ஜாமத்தை எடுத்துக்கொண்டார். "கூட யார்?" என்று என் கணவர் கேட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. "நான் இருக்கிறேன்" என்றான் மகன்.

இரண்டு மணிக்குப் பின் அவர்கள் இருவரும் காவலரோடு உட்கார்ந்திருந்ததைக் கூடாரத்தின் வலை வழியாக நான் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. விடியற்காலையில் கூடாரத்தை மடிக்கும்போது அந்த முடிச்சை மகன் அவிழ்த்துக்கொண்டிருந்தான். அதை எப்படி அவிழ்ப்பதென்று தகப்பன் அவனிடம் நேராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே இரவில் எல்லாம் மாறிப்போயிற்று என்று நான் சாட்சி எழுதமாட்டேன். அதன் பின்னும் அந்த வீட்டில் சண்டை வந்ததுண்டு. ஆனால் அவன் வீட்டை விட்டுப் போகவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வை மறுபடியும் எழுதித் தேறினான். சனிக்கிழமைகளில் தகப்பனோடு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறான். அந்தத் தாயின் விண்ணப்பத்துக்கு இவ்வளவு பதில் வந்திருக்கிறது, மீதிக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

அன்பானவர்களே, நகரம் நம் தகப்பன்மாரைச் சிறியவர்களாக்கிக் காட்டுகிறது. மொழி தெரியாதவர், படிக்காதவர், பாத்திரம் சுமப்பவர் என்றே பிள்ளைகள் அவர்களை அறிகிறார்கள். அவர்கள் கைகளிலிருக்கும் அறிவு வெளிப்படுவதற்கு ஒரு முடிச்சும் ஒரு வானமும் தேவைப்படுகின்றன. லேவியராகமத்துக் கட்டளையின் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மட்டும் போதாது. அவர்களோடு அதில் ஓர் இரவு படுத்து எழ வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் சபையிலும் முயன்று பாருங்கள். முதலில் மாடியில் ஒரு கூடாரம், பின்பு ஒரு பகல் பூங்காவில், அதன்பின் அனுமதியோடு ஓர் இரவு. அவசரம் வேண்டாம், அலுவலகத்தில் கேளுங்கள், காவலர் சொல்வதைக் கேளுங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முக்கியமாக, வீட்டில் பேசாதிருக்கிற ஒருவருடைய பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் முற்பிதாக்களைக் கூடாரங்களில் காத்த தேவன் நம்மையும் நம் பிள்ளைகளையும் காப்பாராக. ஆமென்.